வன்னி விதை தேடிப் போன பங்குனி

அண்ணாமலையைக் காணப் போகிறவர்கள் பெரும்பாலும் எதையாவது அங்கே விட்டுவிட்டு வரவே போகிறார்கள். ஒரு கவலையை, ஒரு பழக்கத்தை, தலைமயிரையேனும். நான் ஒன்றை எடுத்துவரப் போனேன். ஒரு பிடி வன்னி விதை.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் முருகன் கோயிலின் முன்வீதியில் ஒரு வன்னி நின்றது. நவராத்திரி கழிந்த பத்தாம் நாள் மாலையில் சுவாமி குதிரை வாகனத்தில் எழுந்தருளி, அந்த மரத்தின்மேல் அம்பு தொடுப்பார். முந்தின ஆண்டுப் புயலில் மரம் வேரோடு சாய்ந்தது. அதன்பின் ஒரு வாழையை நட்டு, அதையே வன்னியாகப் பாவித்து விழாவை நடத்துகிறோம். விதிப்படி அது போதும் என்றார் குருக்கள். என் தமக்கையாருக்குப் போதவில்லை.

அக்காவுக்கு எண்பது கடந்துவிட்டது. கோயில் வீதியில் வன்னி மறுபடி முளைத்துத் தளிர் காட்டும்வரை சோறு தொடுவதில்லை என்று அவர் நேர்ந்துகொண்டார். காலையில் பால், மதியம் பனங்கிழங்கு மாவில் அவித்த ஒடியற்பிட்டு, இரவில் ஒரு கதலிப்பழம். ஓராண்டு போனதும் எழுந்து நின்றாலே தலை சுற்றியது. வீட்டுக்கு வந்து பார்த்த மருத்துவர், இப்படியே போனால் இன்னொரு மழைக்காலத்தை இந்த உடம்பு தாங்காது என்று என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். அக்காவின் காது இன்னமும் கூர்மையானது. உள்ளறையிலிருந்தே பதில் வந்தது.

"டொக்டர் தம்பி, நான் சாமியோடை கதைச்சு எடுத்த முடிவு. நீர் இடையிலை வராதையும்."

அக்கம்பக்கத்துக் கோயில்களில் வன்னி இல்லாமலில்லை. ஆனால் விழுந்த மரம், எங்கள் பூட்டனார் கால்நடையாகத் தலயாத்திரை போய், அண்ணாமலையிலிருந்து மடியில் முடிந்துவந்த விதையில் முளைத்தது என்பது குடும்ப வழக்கு. வந்த இடத்திலிருந்துதான் திரும்பவும் வரவேண்டும் என்பது அக்காவின் கட்டளை. விதை எப்படியிருக்கும் என்று கேட்டேன். "மரத்தடியிலை கிடக்கும். குனிஞ்சு பொறுக்கத் தெரியாதோ?" என்றார். நான் அவரைவிட எட்டு வயது இளையவன். அந்த வீட்டில் இன்னமும் சின்னவன்தான்.

பங்குனி பிறந்த வாரத்தில் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தேன். ஆசிரமங்களை ஒட்டிய செங்கம் சாலையில் அறை. சன்னலைத் திறந்தால் மலை. பதிகங்களில் அந்த மலையை அறுபது ஆண்டுகளாகப் பாடியிருக்கிறேன். சோதி என்றும் தூண் என்றும் பாடிய வாய்க்கு, நேரில் கண்டதும் ஒரு சொல்லும் வரவில்லை. பாறையும் புதருமாக, வெயிலில் வெந்த செம்மண் நிறத்தில், மிகச் சாதாரணமாக உட்கார்ந்திருந்தது. சாதாரணமாக இருப்பதற்கும் பெருமை வேண்டும் என்று தோன்றியது.

காலை உணவு எதிர்ச்சாரியில் ஒரு சிற்றுண்டிச்சாலையில். இட்லியோடு நிலக்கடலைச் சட்னி வைத்தார்கள். எங்கள் சம்பலின் காரம் இதில் இல்லை. ஆனால் நாக்கில் ஒரு தடிப்பான நிறைவு தங்கியது. பக்கத்து மேசையில் வெள்ளைக்காரப் பெண்கள் இருவர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த மலையிடம் எதைக் கேட்டாலும் கிடைக்குமாம்," என்றாள் ஒருத்தி.

"நான் மூன்று நாளாக அறைக்கு வெந்நீர் கேட்கிறேன்," என்றாள் மற்றவள். "மலையிடம்தான் கேட்டிருக்க வேண்டும் போலிருக்கிறது."

அன்றைய பகல் முழுவதும் பெரிய கோயிலில் கழிந்தது. வெயில் சுட்ட கல்லில் கால் வைத்து, நிழல் விட்டு நிழல் தாவி, சந்நிதியை அடைந்தேன். கூட்டம் மெல்ல நகர்த்திய அந்தச் சிறு பொழுதில் நான் கேட்டது ஒன்றே. என் அக்கா சோறு உண்ண வேண்டும். வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் வன்னி தேடிப் புறப்பட்டேன். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கம் பழைய வன்னி ஒன்று நிற்பதாக விடுதிக்காரர் சொல்லியிருந்தார். பேருந்து நிலையத்தில் ஒரு வண்டியில் காவி உடுத்தவர்களும் பூத்தட்டு ஏந்திய பெண்களுமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் வலம் வரப் போகிறவர்கள் என்று நானாக முடிவு செய்து ஏறி, சன்னலோரம் அமர்ந்து, கண்ணை மூடி ஒரு பதிகத்தை மனத்துக்குள் பாடத் தொடங்கினேன். பதிகத்தை முடித்துக் கண் திறந்தபோது இருபுறமும் வயல்கள். நடத்துநர் சீட்டுக் கிழிக்க என்னிடம் வந்தார்.

"அய்யா, நீங்க கீழ்பென்னாத்தூருக்குத்தான?"

"அடி அண்ணாமலைக்கு."

"அது அந்தாண்ட கீதுங்க. மலை உங்க முதுகுப் பக்கமா போயிட்டே இருந்துச்சே, பாக்கலீங்களா?"

முன்னிருக்கைப் பெண் திரும்பி, "சாமி கண்ண மூடிக்கிட்டுல்ல கும்பிட்டுக்கினு இருந்தாரு," என்றாள். வண்டி முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர்கள் எல்லாரும் கீழ்பென்னாத்தூரில் ஒரு வளைகாப்புக்குப் போகிறவர்கள். காவி உடுத்தவர்கள் பெண்ணின் தாய்மாமன்மார்.

திரும்பும் வண்டிக்காகக் கீழ்பென்னாத்தூரில் ஒரு புங்க மர நிழலில் காத்திருந்தேன். ஒரு பெண் அடுப்பில் கடலை அவித்துக்கொண்டிருந்தார்.

"கச்சான் ஒரு பொட்டலம் தாருங்கோ," என்றேன்.

"என்னாது?"

சுட்டிக் காட்டினேன்.

"மல்லாட்டைங்களா. சிலோனுங்களா நீங்க? பேச்சு டிவில பேசறாப்புல கீது." சுடச்சுடத் தாளில் கட்டித் தந்தார். அன்றைய தவறுக்கு அது நல்ல பலன். ஈர மண்ணின் மணம் இன்னும் தோலில் இருந்த கடலை.

தின்றுகொண்டே அண்ணாந்து பார்த்தேன். புங்கையின் இலைகளெல்லாம் பரு பருவாகப் புடைத்திருந்தன. மரத்துக்கு ஏதேனும் நோயா என்று கேட்டேன்.

"எலைக்கு அம்மை போட்டுக்கீதுங்க. வருசா வருசம் போடும். ஆத்தாளுக்கு எலைன்னா என்ன, புள்ளைன்னா என்ன, எல்லாம் ஒண்ணுதான்," என்று சொல்லி அவர் அடுப்பை ஊதப் போனார்.

மூன்றாம் நாள் முன்னெச்சரிக்கையாக ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் வேலு நாற்பது வயதுக்காரர். அவருடைய வண்டியின் ஒலிப்பான் இடப்பக்கம் திரும்பினால் தானாகவே அலறும். வலப்பக்கம் திரும்பினால் அடங்கிவிடும். பழுது பார்க்கக் கூடாதா என்றேன். "எதுக்குங்க அய்யா? கிரிவலத்துக்குன்னே பண்ண வண்டி. மலைய வலமா சுத்துனா சத்தமே போடாது. யாராச்சும் எடமா சுத்தச் சொன்னாத்தான் திட்டும்," என்றார்.

அடி அண்ணாமலையில் ஒரு சிறு பிள்ளையார் மேடையின் பின்னே அந்த வன்னி நின்றது. பக்கத்தில் நன்னாரி சர்பத்தும் வெள்ளரிப் பிஞ்சும் விற்கும் செல்வியின் கடை. மரத்தைக் கண்டதும் கை தானே குவிந்தது. அதே சிறு இலை, அதே முள், அதே வெடித்த பட்டை. எங்கள் வீதிக்கு மீண்டும் வந்துவிட்டது போலிருந்தது.

குனிந்தேன். தரையெங்கும் பழுப்பு நிறத்தில், கொட்டைப்பாக்கினும் சிறிதாய், உருண்டு திரண்டு முடிச்சு முடிச்சாகக் கிடந்தன. கொம்புகளிலும் அவையே கொத்தாக ஒட்டியிருந்தன. கட்டையைப் போல உறுதியாக, உருத்திராக்கத்தைப் போல முண்டும் முரடுமாக இருந்தன. வன்னியின் காயை நான் அதற்குமுன் கண்டதில்லை. எங்கள் கோயில் மரத்தில் அருச்சனைக்கென்று நாள்தோறும் துளிர் ஒடிப்பார்கள். பூப்பதற்கு அதற்கு ஒருநாளும் இடம் தந்ததில்லை.

"இது வன்னியின் காய்தானே அம்மா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க. வன்னிக்காய். கொழந்தைங்க இடுப்புக் கயித்துல கட்டினா பயம் வராது. பௌர்ணமிக்கு வர்றவங்க பொறுக்கிக்கினு போவாங்க."

"முளைக்குமோ?"

"நான் போட்டுப் பாத்ததில்லீங்க. காய்னா மொளைக்காம என்ன பண்ணும்?"

வேலுவும் இறங்கி வந்து பொறுக்கினார். நான் என் சால்வையின் முனையில் முடிந்துகொண்டேன், பூட்டனார் மடியில் முடிந்தது போல. அறைக்கு வந்து மஞ்சள் நீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, வாழையிலையில் பரப்பி, எதிரே அமர்ந்து இரண்டு பதிகம் பாடினேன். பிறகு ஊருக்குத் தொலைபேசினேன். என் மகள் கௌரி அக்காவின் காதருகே பிடித்தாள்.

"அக்கா, விதை கிடைச்சிட்டுது."

தொலைபேசியைக் காதோடு இன்னும் நெருக்கிப் பிடிக்கும் சரசரப்பு. பிறகு, "நல்ல விதையோ?" என்றார்.

"முத்தின விதை. பாறை மாதிரிக் கிடக்கு."

"அப்ப சரி. கௌரி, என்னை ஒருக்கா எழுப்பிவிடு பிள்ளை. கோயிலடிக்குப் போய் மரம் நிண்ட கிடங்கைப் பார்க்கவேணும்."

மாதக் கணக்காய்ப் படியிறங்காதவர் அன்று மாலை சக்கர நாற்காலியில் போய், மரம் நின்ற குழியில் புற்றுமண் கொட்டச் சொல்லி, பக்கத்தில் இருந்து பார்த்தாராம். சோறு எப்போது என்று கௌரி கேட்டதற்கு, "தளிரைக் கண்டாப்பிறகு," என்றாராம். அதைக் கேட்டபின் எனக்கு அன்றிரவு நல்ல உறக்கம்.

நான்காம் நாள் அக்காவுக்கென்று கடுக்காய் வாங்கத் தேரடி வீதிக்குப் போனேன். தலைமுறை தலைமுறையாய் நாட்டுமருந்து விற்கும் கடை ஒன்று. முதலாளி ரஹ்மான் பாய் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு பழைய தராசில் வசம்பு நிறுத்துக்கொண்டிருந்தார். வேலூரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கும் அவர் மகள் பர்வீன், விடுமுறைக்கு வந்தவர், விடைத்தாள் கட்டு ஒன்றோடு கல்லாவின் அருகே அமர்ந்திருந்தார்.

கடுக்காயைக் கட்டச் சொல்லிவிட்டு, இத்தனை கடினமான விதையை எதில் ஊறவைத்தால் விரைவில் முளைக்கும் என்று கேட்டு, சால்வை முடிச்சை அவிழ்த்தேன். பாய் ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார். மகளிடம் நீட்டினார்.

"பர்வீன், இது உன் டிபார்ட்மென்ட். எனக்கு இது மாசிக்காய்க்குத் தம்பி மாதிரி தெரியுது."

பர்வீன் அதைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சொல்ல வந்ததை எப்படித் தொடங்குவது என்று யோசிக்கும் முகம்.

"அய்யா, இது யாருக்குங்க?"

சொன்னேன். புயலை, வாழையை, அக்காவின் நேர்த்திக்கடனை, புற்றுமண் கொட்டிய குழியை, கீழ்பென்னாத்தூரில் கடலை விற்ற பெண் அம்மை என்று சொன்ன புங்கையிலையைக்கூட, எல்லாவற்றையும் சொன்னேன். பாய் நிறுப்பதை நிறுத்திவிட்டார்.

"இது விதை இல்லீங்க அய்யா," என்றார் பர்வீன். "காயும் இல்ல. பூச்சி வீடு."

எனக்கு விளங்கவில்லை. அவர் குவியலில் தேடி, பக்கவாட்டில் ஊசித்துளை விழுந்திருந்த ஒன்றை எடுத்து, கடையின் பாக்குவெட்டியால் இரண்டாகப் பிளந்தார். உள்ளே பருப்பு இல்லை. தடித்த சுவர், நடுவே சிறுசிறு அறைகள். அந்த அறைகளிலிருந்து மயிரிழை அளவேயான எறும்புகள் வெள்ளை முட்டைகளைக் கவ்வியபடி கல்லாவின் மேல் ஓடின.

"இவங்க வாடகைக்கு வந்தவங்க," என்றார் பர்வீன். "வீட்டுக்காரர் காலி பண்ணிட்டுப் போயிட்டார்."

"யார் அந்த வீட்டுக்காரர்?"

"கொசுவவிடச் சின்னதா ஒரு ஈ. துளிர்ல முட்டை வெச்சிட்டுப் போயிடும். புழு பொறிச்சு உள்ள கடிக்க ஆரம்பிச்சதும், அதோட எச்சில்ல இருக்கற ஏதோ ஒண்ணு மரத்தோட வளர்ச்சியவே திருப்பிவிட்டுடும். இலையா வளர வேண்டியது இப்படி உருண்டையா வளரும். கட்டறது மரம். குடியிருக்கறது புழு. வெளிச்சுவர் காவல், உள்சுவர் சாப்பாடு. இலையில பூவுல காம்புல, ஒவ்வொரு பூச்சிக்கும் வீடு ஒவ்வொரு மாதிரி இருக்கும். வீட்டப் பாத்தே ஆளச் சொல்லிடலாம்."

"மாசிக்காயும் அப்பிடித்தானோ?" எங்கள் வீட்டில் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் கல்லில் உரைத்து நாவில் தடவிய மருந்து அது.

"அதுவும்தான். அது வேற நாட்டு மரத்துல, ஒரு குளவி கட்டவெச்ச வீடு. நீங்க கீழ்பென்னாத்தூர்ல பாத்த புங்கெலைக்கும் அம்மை இல்லீங்க. அது பூச்சியவிடச் சின்னதா எட்டுக் காலோட ஒண்ணு."

"ஆத்தா மேல பழி போடாதன்னு அந்தப் பொம்பளகிட்ட போய் சொல்லிப்பாரு," என்றார் பாய். "அவிச்ச மல்லாட்டைய உன் தலைல கொட்டுவா."

நான் சிரிக்க முடியாமல் நின்றேன். மரத்துக்கு இதனால் கேடில்லையா என்று மட்டும் கேட்டேன்.

"கொஞ்சம் நஷ்டம்தான். ஜாஸ்தியா வந்தா பூ கம்மியாகும், காய் கம்மியாகும். ஆனா பொதுவா மரம் சாகாது. ரொம்ப ஜாஸ்தியாகவும் விடமாட்டாங்க. இந்தப் புழுவத் தேடிக்கிட்டே ஒரு குளவி வரும். சுவர்ல ஊசி மாதிரி துளை போட்டு, உள்ள இருக்கற புழு மேலயே முட்டை வெச்சிடும். அப்பறம் வெளிய வர்றது ஈ இல்ல, குளவி. குருவி வந்து ஒடைச்சுத் தின்னும். காலியானா எறும்பு, சிலந்தி. ஒரு உருண்டைய எடுத்தா ஒரு தெருவே இருக்கும்."

சொல்லிக்கொண்டே இன்னொன்றை எடுத்துப் பாக்குவெட்டியில் வைத்தார். அதில் துளை இல்லை. என் கை தானாக நீண்டு அவர் கையைத் தடுத்தது.

"வேண்டாம் பிள்ளை. அதிலே ஆள் இருக்கிறார்."

பர்வீன் பாக்குவெட்டியைக் கீழே வைத்தார். "இத ஊருக்கு எடுத்துட்டுப் போயிருந்தீங்கன்னா, விதைன்னு நெனச்சு ஒரு பூச்சிக் கூட்டத்தையே கடல் தாண்டிக் கூட்டிட்டுப் போயிருப்பீங்க அய்யா. அங்க இருக்கற வன்னிங்களுக்கு அது நல்லதில்ல. நெஜ விதைக்கே ரெண்டு பக்கமும் அனுமதி வாங்கணும்."

"நிஜ விதை எப்போது கிடைக்கும்?"

"இப்பத்தான் பூக்கற சீசன். நீளமா, மெல்லிசா நெத்து வரும். ஆனி, ஆடியில பழுக்கும். நீங்க சீக்கிரம் வந்துட்டீங்க."

முடிச்சை மீண்டும் கட்டினேன். இவற்றை இலையில் பரப்பி இரண்டு பதிகம் பாடியதையும் அவர்களிடம் சொல்லிவிட்டேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. பாய் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, என்னை நேராகப் பார்த்தார்.

"வீணாப் போகலைங்க அய்யா. உள்ள இருந்தவங்க கேட்டிருப்பாங்கல்ல. அவங்களுக்கு யாரு பாடறாங்க?"

அன்று மதியம் இலையில் சோறு விழுந்தபோது என்னால் பிசைய முடியவில்லை. பரிமாறியவர், சாம்பார் பிடிக்கவில்லையா, வற்றக்குழம்பு ஊற்றட்டுமா என்று இரண்டு முறை கேட்டார். கல்லைப்போல் உறுதியான விதை என்று நான் சொன்ன ஒரு சொல்லை நம்பி, நிற்க முடியாத ஒருவர் எழுந்து குழியருகே போயிருக்கிறார். விதை இல்லை என்று சொன்னால் அந்த உடம்பு எதைப் பிடித்துக்கொண்டு ஆனிவரை இருக்கும்? சொல்லாமல் விட்டு, ஊரில் எவர் மரத்திலேனும் ஒரு விதை பெற்று இதுதான் அது என்று நட்டுவிடலாம். மாலை முழுவதும் மலையைப் பார்த்தபடி அந்த எண்ணத்தோடு அமர்ந்திருந்தேன். புழுவையும் மரத்தையும் ஒரே பிறவி வரிசையில் வைத்துப் பாடிய மரபில் வந்தவன் நான். பாட்டில் பாடும்போது புழு எளிது. விடியுமுன் ஒன்று தெளிந்தது. அக்காவிடம் நான் இதுவரை வென்ற பொய் ஒன்றுகூட இல்லை.

காலையில் தொலைபேசினேன். தொடக்கம் முதல் கடைசிவரை நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். கீழ்பென்னாத்தூருக்குப் போனதையும் சேர்த்து. முடித்ததும் அக்காவிடமிருந்து ஒரு கேள்வி வந்தது.

"அந்தப் புழு எவ்வளவு காலம் உள்ளுக்கை இருக்கும்?"

"வெளியிலை வாற காலம் வருமட்டும் இருக்குமாம்."

"அதுமட்டும் சாப்பாட்டுக்கு?"

"உள்சுவரையே தின்னுமாம். மரம் அதுக்கெண்டு கட்டிக் குடுக்கிறது."

"ஆர் அதை அங்கை வைச்சது?"

"எம்பெருமான்தான்."

மறுபுறத்தில் ஒரு பெருமூச்சு. அது அழுகையாக மாறுமோ என்று அஞ்சினேன். அக்காவின் குரல் சற்றே கடுத்தது. எனக்குப் பழகிய கடுப்பு.

"பார், தம்பி. ஒரு புழு. அதுக்கும் காத்திருக்கத் தெரியுது. தின்னுகொண்டு காத்திருக்குது. தின்னாமல் காத்திருந்தால் வெளியிலை வாறதுக்கு ஆள் இருக்காதெண்டு அதுக்கு விளங்கியிருக்குது. எனக்கெல்லோ விளங்கேல்லை."

உடனே அடுத்த கேள்வி வந்தது.

"ஆனியிலையோ காய்க்கும் எண்டவை?"

"ஆனி, ஆடி."

"அப்ப ஆனியிலை நீ திரும்பப் போகவேணும். அனுமதிக் கடுதாசி எல்லாம் ஒழுங்காய் எடுத்துக்கொண்டு போ. உன்னை நம்பி அனுப்பினால் உப்பிடித்தான் பூச்சி பொறுக்குவாய். அந்தப் பாயின்ரை பிள்ளையிட்டைக் காட்டிக் கேட்டுப்போட்டுக் கொண்டு வா." பிறகு தொடர்ந்தார். "நேந்தது நேந்ததுதான். இடையிலை சோறு தொடுறதுக்குப் பிராயச்சித்தமாய் முருகனுக்கு ஒரு காவடி கூடச் சொல்லி வைக்கிறன். கௌரி, உலையை வை பிள்ளை."

அந்த முடிச்சுகளை எடுத்துக்கொண்டு வேலுவின் வண்டியில் மறுபடி அடி அண்ணாமலைக்குப் போனேன். செல்வி கடையைத் திறந்துகொண்டிருந்தார். நான் சால்வையை அவிழ்த்து, எடுத்த இடத்திலேயே, வன்னியின் வேரடியில் ஒவ்வொன்றாக வைப்பதைப் பார்த்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"ஏங்க, பொறுக்கிக்கினு போனத யாராச்சும் திருப்பிக் குடுப்பாங்களா? காய் நல்லால்லியா?"

"நல்ல காய்தான் அம்மா. குடியிருக்கிறவர்கள் இருக்கிறார்கள்."

அவர் வேலுவைப் பார்த்தார். வேலு, "சிலோன் அய்யா அப்படித்தான் பேசுவாரு. அர்த்தம் இருக்கும்," என்று எனக்காக வாதாடினார். செல்வி ஒரு முடிச்சைக் குனிந்து எடுத்தார். அதில் புதிதாக ஒரு துளை. துளையின் விளிம்பில் எள்ளினும் சிறிய ஓர் உயிர் நின்று, ஈரச் சிறகைக் கால்களால் நீவிக்கொண்டிருந்தது. ஈயோ, ஈயைத் தின்று வந்த குளவியோ, எனக்குத் தெரியாது. பர்வீன் அருகில் இருந்திருந்தால் சொல்லியிருப்பார். அது மலைப்பக்கமாகத் திரும்பி, சற்றே நிதானித்து, பறந்தது.

"அட, ஆளு இருந்துக்கீது," என்றார் செல்வி. முடிச்சைப் பதமாகக் கீழே வைத்தார். பிறகு எங்களுக்கு நன்னாரி சர்பத் கலக்கப் போனார்.

அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போது கௌரியிடமிருந்து ஒரு படம் வந்தது. எங்கள் வீட்டுப் பித்தளை வட்டில். சோறு முழுதும் உண்ணப்பட்டிருந்தது. தேங்காய்ப்பாற் சொதியின் மஞ்சள் ஈரமும், ஓரத்தில் ஒதுக்கிய கறிவேப்பிலை இரண்டும் மட்டுமே எஞ்சியிருந்தன.